டிஸ்லெக்ஸியா உள்ள பிள்ளையை வாசிக்கவைக்க எது உதவும்? காசா, டியூஷனா, கைபேசியா, காலண்டரா?

இரவு ஏழு மணிக்குப் புத்தகத்தை எடுத்தால் என் மகனுக்கு வயிறு வலிக்கும். வயிறு சரியானால் தாகம் எடுக்கும். தண்ணீர் குடித்து முடித்தால் பாத்ரூம். திரும்பி வந்து உட்காரும்போது பென்சில் காணாமல் போயிருக்கும். மூன்றாம் வகுப்பு முழுக்க இதை நடிப்பு என்று நினைத்துத் திட்டினேன். இரண்டு முறை அடித்தும் இருக்கிறேன். நான்காம் வகுப்பு தொடங்கியபோது உளவியலாளர் ஒருவர் அவனை மூன்று நாள் உட்காரவைத்துச் சோதித்துவிட்டு, இது டிஸ்லெக்ஸியா, அதாவது வாசிக்கக் கற்பதைக் கடினமாக்கும் ஒரு கற்றல் குறைபாடு என்றார். அந்த வயிற்றுவலி பயத்தில் வருகிற நிஜ வலி என்பதும் அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

நாங்கள் இருப்பது வடசென்னையில் புதுவண்ணாரப்பேட்டை. கணவர் காசிமேட்டில் படகு இன்ஜின் மெக்கானிக். நான் வீட்டிலேயே தைக்கிறேன். மாமியார், மகன், யூ.கே.ஜி. படிக்கும் மகள் எல்லோரும் ஒன்றாக இருக்கிறோம். சோதனை அறிக்கை கைக்கு வந்ததும் ஆளுக்கொரு வழி சொன்னார்கள். எங்களிடம் இருந்தது ஒரு நாளைக்கு அரைமணி நேரமும் மாதத்துக்கு இரண்டாயிரம் ரூபாயும். அதை எதில் போடுவது என்று தெரியாமல் ஏறக்குறைய ஒரு வருடம் ஒவ்வொன்றாகச் செய்து பார்த்தோம். இப்போது அதே இடத்தில் நிற்கும் அம்மா அப்பாக்களுக்கு எங்கள் ஒரு வருடம் உதவட்டும் என்று எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். எழுத்தைப் பார்த்தவுடன் அதன் ஒலி மனதில் வர வேண்டும். வந்த ஒலிகளைக் கோத்துச் சொல்லாக்க வேண்டும். மற்றப் பிள்ளைகளுக்குச் சில மாதப் பழக்கத்தில் தானாக ஓடத் தொடங்கும் இந்த வேலையை டிஸ்லெக்ஸியா உள்ள பிள்ளைகள் ஒவ்வொரு முறையும் புதிதாகச் செய்கிறார்கள். அறிவுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. பல குடும்பங்களில் அப்பா வழியிலோ அம்மா வழியிலோ இது தொடர்ந்து வருகிறது. ஐந்து வரி வாசித்து முடிக்கும்போது அந்தப் பிள்ளை உண்மையிலேயே களைத்துப்போய்விடுகிறது. ஆனால் எழுத்து கைவசப்பட வேண்டுமென்றால் மற்றவர்களைவிட அதிகமாக வாசித்துப் பழக வேண்டியதும் அதே பிள்ளைதான். யாருக்கு அதிகப் பயிற்சி தேவையோ அவர்களுக்குத்தான் பயிற்சி அதிகம் வலிக்கிறது. 'எப்படி ஆர்வம் ஊட்டுவது' என்று நாம் கேட்கும் கேள்வியெல்லாம் இந்த முடிச்சில்தான் மாட்டிக்கொண்டிருக்கிறது.

கண்ணையும் காதையும் ஒருமுறை பரிசோதித்துவிடுங்கள், அது அவசியம். அதைத் தாண்டி வண்ணக் கண்ணாடி, கண் பயிற்சி என்று டிஸ்லெக்ஸியாவுக்காக யாராவது விற்றால் வாங்க வேண்டாம். அமெரிக்கக் குழந்தைநல மருத்துவர் சங்கமும் கண் மருத்துவ அமைப்புகளும் சேர்ந்து, அவற்றால் பயன் உண்டு என்பதற்குச் சான்று இல்லை என்று 2009இலேயே அறிக்கை வெளியிட்டுவிட்டன. எங்களிடமும் ஒருவர் விற்கப் பார்த்தார். அந்தப் பணத்துக்குக் கதைப் புத்தகம் வாங்கினோம்.

காசு, நட்சத்திரம், பரிசு

எல்லோரும் முதலில் பிடிப்பது இதைத்தான், நாங்களும் பிடித்தோம். "பக்கத்துக்குப் பத்து ரூபா குடு, தானா படிப்பான்" என்றார் என் அண்ணன். முதல் வாரம் படித்தான். இரண்டாவது வாரம், படம் பெரிதாகவும் எழுத்து கொஞ்சமாகவும் இருக்கிற பக்கங்களாகப் பார்த்து எடுத்தான். மூன்றாவது வாரம் பேரம் தொடங்கியது. "இது பெரிய பக்கம்மா, இருபது குடு." நான்காவது வாரம் கையில் பணம் இல்லாத ஒரு நாளில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டான். அவனைக் குறை சொல்ல முடியாது. வாசிப்பது கூலி வேலை என்று அவனுக்குக் கற்றுக்கொடுத்ததே நாங்கள்தான்.

1973இல் மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் மூவரும் மழலையர் பள்ளிக் குழந்தைகளிடம் ஓர் ஆய்வு செய்தார்கள். படம் வரைவதில் ஏற்கெனவே ஆசையுள்ள குழந்தைகளில் சிலரிடம், வரைந்தால் சான்றிதழ் தருவோம் என்று முன்பே சொல்லிவிட்டுத் தந்தார்கள். சிலருக்குச் சொல்லாமலே கடைசியில் தந்தார்கள். சிலருக்கு எதுவும் தரவில்லை. சில நாள் கழித்துப் பார்த்தால், பரிசுக்காக வரைந்தவர்கள் மட்டும் தாங்களாகவே பேனாவை எடுத்து வரைவது குறைந்திருந்தது.

இதைப் படித்ததும் நான் பரிசை அடியோடு நிறுத்திவிட்டேன். அதுவும் சரியில்லை என்று இப்போது நினைக்கிறேன். அந்தக் குழந்தைகளுக்கு வரைவது பிடிக்கும். என் மகனுக்கு வாசிப்பது பிடிக்கவே பிடிக்காது, அதனால் பரிசு கொடுத்துக் கெடுக்க அங்கே ஆசை என்று ஒன்றும் இருக்கவில்லை. எங்கள் தவறு வேறு இடத்தில் இருந்தது. எத்தனை பக்கம், எத்தனை சரி என்று கணக்குப் பார்த்துக் கொடுத்தோம். தவறாக வாசித்தால் காசு குறையும். பள்ளியில் தவறாக வாசித்தால் சிரிப்பு, வீட்டில் தவறாக வாசித்தால் நஷ்டம் என்று ஆகிவிட்டது.

பள்ளியில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். மூன்றாம் வகுப்பில் ஒரு நாள் அவனை எழுப்பி நிற்கவைத்து ஒரு பத்தியை வாசிக்கச் சொல்லியிருக்கிறார்கள். முதல் வரியிலேயே நின்றுவிட்டான். வகுப்பு சிரித்தது. உட்காரச் சொல்லும்வரை நின்றுகொண்டே இருந்திருக்கிறான். எவ்வளவு நேரம் என்று அவனுக்குச் சொல்லத் தெரியவில்லை. அதற்குப் பிறகு அவனுக்குப் புத்தகம் என்றால் அந்த நிற்பதுதான். இது தெரிந்த பிறகு, யார் எந்த வழியைச் சொன்னாலும் நான் கேட்டது ஒன்றே ஒன்று: இதில் தப்பாக வாசித்தால் பிள்ளைக்கு என்ன நடக்கும்?

இந்தக் கேள்விக்குப் பொருந்தும்படி பரிசு கொடுக்க முடியும். வந்து உட்கார்ந்ததற்கு மட்டும் கொடுங்கள், எப்படி வாசித்தான் என்பதற்கு வேண்டாம். பரிசு காசாக இல்லாமல், சேர்ந்து செய்யும் ஏதாவதாக இருக்கட்டும். எங்கள் வீட்டில் அது அப்பாவோடு கேரம், ஒரு ஆட்டம். முதல் ஒரு மாதத்தைத் தாண்ட அது உதவியது. பிறகு அவனே கேட்பதை மறந்துவிட்டான், நானும் ஞாபகப்படுத்தவில்லை.

டியூஷனும் சிறப்பாசிரியரும்

இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள். எங்கள் தெருவில் டியூஷன் என்றால் ஒரு ஹால், இருபது பிள்ளைகள், வீட்டுப்பாடம். அங்கே என் மகன் கற்றுக்கொண்டது பக்கத்துப் பையன் நோட்டைப் பார்த்து அழகாக எழுதுவது. நோட்டு நிறைந்திருந்தது, அதைப் பார்த்து நானும் ஆறு மாதம் ஏமாந்தேன். டிஸ்லெக்ஸியா உள்ள பிள்ளைக்கு இந்த வகை டியூஷனைப் போல வீணான செலவு வேறில்லை.

சிறப்பாசிரியர் செய்வது வேறு. ஒலியையும் எழுத்தையும் ஒவ்வொன்றாக, வரிசை தவறாமல், கண்ணால் பார்த்து, வாயால் சொல்லி, கையால் மணலிலோ மாவிலோ எழுதி இணைக்கிறார்கள். 1930களில் அமெரிக்க மருத்துவர் சாமுவேல் ஆர்ட்டனும் ஆசிரியை அன்னா கில்லிங்ஹாமும் உருவாக்கிய முறையிலிருந்து கிளைத்தது இது. இதைத் தெரிந்த ஒருவரிடம் போவதற்கு ஈடாக வீட்டில் எதையும் செய்துவிட முடியாது. ஆனால் தூரம் இருக்கிறதே. மெட்ராஸ் டிஸ்லெக்ஸியா சங்கம் இருப்பது தி.நகரில். எங்களுக்குக் கிடைத்த சிறப்பாசிரியரும் அந்தப் பக்கம்தான். புதுவண்ணாரப்பேட்டையில் மெட்ரோ ஏறி நந்தனத்தில் இறங்கி ஆட்டோ பிடித்தால் வாசலிலிருந்து வாசலுக்கு ஒன்றேகால் மணி நேரம். திரும்பி வர அதே அளவு. பள்ளி முடிந்து களைத்த பிள்ளை போகும்போதே தூங்கிவிடுவான். ஒரு மணி நேரத்துக்கு 700 ரூபாய். வாரம் இரண்டு முறை என்றால் எங்கள் கணக்குக்கு எட்டாது.

கடைசியில் மாதம் இரண்டு முறை, சனிக்கிழமை காலையில் போவது என்று வைத்துக்கொண்டோம். நானும் உள்ளே உட்கார அனுமதி கேட்டேன். அவர் செய்வதைப் பார்த்து வந்து, நடுவில் இரண்டு வாரம் வீட்டில் அதையே செய்வது. எங்களைப் போலக் கணக்குப் பார்க்க வேண்டியவர்களுக்கு இதைத்தான் சொல்வேன்: அமர்வுகளின் எண்ணிக்கையைக் கூட்டுவதைவிட நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொள்ளும் அமர்வுகளுக்குப் பணம் கொடுங்கள். பிள்ளை அரசுப் பள்ளியில் படித்தால் முதலில் தலைமை ஆசிரியரிடம் பேசி, வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியர் எந்த நாளில் வருவார் என்று கேளுங்கள். அதற்குக் கட்டணம் இல்லை.

அறிக்கையைப் பத்திரமாக வையுங்கள். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 குறைபாடுகளில் கற்றல் குறைபாடும் உண்டு. பொதுத் தேர்வில் கூடுதல் நேரம், சொல்லச் சொல்ல எழுத ஓர் ஆள், ஒரு மொழிப் பாடத்திலிருந்து விலக்கு போன்ற சலுகைகள் இந்தக் குறைபாட்டுக்கான சான்றை வைத்துத்தான் கிடைக்கின்றன.

கைபேசி

'கேட்பது ஏமாற்று வேலை' என்று நினைத்திருந்தேன், அது தவறு. கதையைக் காதால் கேட்கும் பிள்ளைக்குச் சொல்வளம் வளர்கிறது, உலகம் தெரிகிறது. வாசிக்க முடியாததால் அறிவும் பின்தங்கிப்போகாமல் அது காப்பாற்றுகிறது. ஆனால் கேட்பதால் மட்டும் எழுத்து பிடிபடாது. கேட்கும்போது விரல் அந்த வரியின் மேல் ஓட வேண்டும்.

பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் இலவசமாகக் கிடைக்கின்றன, நான்கு நிலைகளாகப் பிரித்திருக்கிறார்கள். வகுப்பைப் பார்த்து நிலையைத் தேர்ந்தெடுக்காதீர்கள். நாங்கள் நான்காம் வகுப்புப் பையனுக்கு முதல் நிலையில் தொடங்கினோம். கதையைத் தரவிறக்கி, தெருமுனைக் கடையில் அச்செடுத்துத் தைத்துக் கொடுத்தேன். கைபேசியிலேயே வாசிக்கட்டும் என்று விட்டபோது பத்து நிமிடத்தில் கிரிக்கெட் வீடியோவில் இருந்தான்.

இந்த வகையில் எங்களுக்கு உண்மையாகவே பலித்தது பாட்டு. ஆமதாபாத் இந்திய மேலாண்மைக் கழகத்தில் பணியாற்றிய பிரிஜ் கோத்தாரி 1996இலிருந்து ஒன்றைச் சொல்லிவருகிறார்: தொலைக்காட்சியில் பாட்டு ஓடும்போது அதே மொழியில் அதன் வரிகளைக் கீழே ஓடவிட்டால், மக்கள் தங்களை அறியாமலே வாசித்துப் பழகுவார்கள். வடசென்னையில் பாட்டுக்கு என்ன பஞ்சம்? கானா பாடாத தெரு உண்டா? என் மகனுக்குப் பத்துப் பதினைந்து பாட்டு மனப்பாடம். வரிகள் ஓடும் வீடியோவைப் போட்டுவிட்டு நான் தைத்துக்கொண்டிருப்பேன். இங்கே தப்பாக வாசித்தால் ஒன்றும் நடக்காது, பாட்டு நிற்காமல் போய்க்கொண்டே இருக்கும். குறை என்னவென்றால், வரிகளைப் பார்க்கிறானா, ஆடுகிறவர்களைப் பார்க்கிறானா என்று நமக்குத் தெரியாது. அதனால் ஒரு பாட்டின் பல்லவியைப் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டினேன். பாட்டு இல்லாமல் அதைத் தொட்டுத் தொட்டுப் பாட ஆரம்பித்தான்.

சேர்ந்து வாசிப்பது

இது வெளிநாடுகளில் பெற்றோருக்குக் கற்றுத்தரும் முறை, சிறப்பாசிரியர் எனக்குக் காட்டினார். பிள்ளையும் பெரியவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஒரே குரலில் வாசிக்க வேண்டும். தனியாக வாசிக்கலாம் என்று பிள்ளைக்குத் தோன்றினால் நம் கையைத் தட்டும், நாம் நிறுத்திவிட வேண்டும். ஓர் இடத்தில் பிள்ளை தடுமாறி நின்றால் நான்கைந்து நொடி பொறுத்திருந்து, வரவில்லையென்றால் நாமே அந்தச் சொல்லைச் சொல்லிவிட வேண்டும். பிள்ளை திருப்பிச் சொல்லும், மறுபடி இருவரும் சேர்ந்து போக வேண்டும். 'யோசி', 'நேத்து சொன்னேனே', 'எழுத்துக் கூட்டு' எதுவும் கிடையாது.

படிக்க எளிதாக இருக்கிறது. அந்த நான்கைந்து நொடி சும்மா இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று செய்து பார்த்தால்தான் தெரியும். முதல் வாரம் நான் முந்திரிக்கொட்டை மாதிரி முந்திக்கொண்டே இருந்தேன். புடவை மடிப்புக்குள் விரலை மடக்கி எண்ணிப் பழகினேன்.

என்னைவிட என் கணவருக்கு இது நன்றாக வந்தது. காரணம் எனக்குப் பிறகுதான் புரிந்தது. எட்டாம் வகுப்போடு நின்றவர் அவர். இன்ஜின் சத்தத்தை வைத்தே எந்த உருளையில் கோளாறு என்று சொல்லிவிடுவார். ஆனால் வீட்டுக்கு வரும் எந்தக் காகிதத்தையும் "நீ பாரு, கண்ணு எரியுது" என்று என்னிடம் நீட்டிவிடுவார். பத்து வருடமாக அதைக் கண் எரிச்சல் என்றே நம்பியிருந்தேன். மகனோடு உட்கார்ந்த மூன்றாவது நாள் ஒரு சொல்லில் இருவருமே நின்றுவிட்டார்கள். நான் அடுப்படியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். "எனுக்கும் இது சின்ன வயசுலேந்து வராதுடா" என்றார். மகன் அவரை நிமிர்ந்து பார்த்தான். பிறகு இரண்டு பேரும் விரல் வைத்துக் கூட்டினார்கள். அந்த இரவுக்குப் பிறகு வயிற்றுவலி குறைந்துவிட்டது. உங்கள் வீட்டிலும் யாராவது அப்படி இருந்தால் அவரை ஒதுக்கிவைக்காதீர்கள். சரளமாக வாசிக்கிற என்னால் கொடுக்க முடியாத ஒன்றை அவர் அவனுக்குக் கொடுத்தார்.

ஒரே கதையை மூன்று நான்கு நாள் திரும்பத் திரும்ப வாசிக்கச் சொல்வார்கள். மாமியார் சொன்னார், "அவன் எங்க படிக்கிறான், மனப்பாடமா ஒப்பிக்கிறான்." எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது. சோதிக்க வழி இருக்கிறது. நடுவில் ஒரு சொல்லைக் காட்டி இது என்ன என்று விளையாட்டாகக் கேளுங்கள். முதல் நாள் தெரியாதது நான்காம் நாள் தெரியும். ஒரு சொல்லை மற்றப் பிள்ளைகளைவிடப் பல மடங்கு முறை பார்த்த பிறகுதான் இவர்களுக்கு அது பார்த்தவுடன் தெரியும் சொல்லாகிறது. மனப்பாடமாகவே இருக்கட்டும், எழுத்தைப் பார்த்துக்கொண்டு ஒப்பிக்கிறானா, போதும்.

இந்த வழியின் குறை, அதற்குப் பொறுமையுள்ள பெரியவர் ஒருவர் தினமும் வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். படகுகள் கரையேறும்போதுதான் மெக்கானிக்குக்கு வேலை குவியும். அந்த 61 நாளும் கணவர் வீடு திரும்ப ராத்திரி பத்தாகிவிடும். அந்த இடைவெளியில்தான் அடுத்த வழி எங்களுக்குக் கிடைத்தது.

அவன் சொல்ல, நான் எழுத

புத்தகத் தமிழை நம் பிள்ளைகள் பேசுவதில்லை. பேசுவது 'வந்துக்கினு இருக்கான்', எழுதியிருப்பது 'வந்துகொண்டிருக்கிறான்'. நன்றாக வாசிக்கத் தெரிந்த பிள்ளை இதைக் கவனிக்காமலே தாண்டிவிடும். எழுத்தோடு போராடும் பிள்ளை முதல் இரண்டு எழுத்தைப் பிடித்துக்கொண்டு மீதியைத் தனக்குத் தெரிந்த பேச்சிலிருந்து ஊகிக்கிறது. வாயில் வருவதும் தாளில் இருப்பதும் ஒத்துப்போவதில்லை. தான் மறுபடி தப்பு செய்துவிட்டதாக அது நினைக்கிறது.

அதனால் ஒரு கோடு போட்ட நோட்டு வாங்கினேன். தினமும் நான்கு வரி அவன் சொல்ல வேண்டும், அவன் சொன்னபடியே நான் எழுதுவேன், திருத்த மாட்டேன். பிறகு அவன் அதை வாசிப்பான். முதல் நாள் அவன் சொன்னது ஞாயிற்றுக்கிழமை காசிமேட்டில் பார்த்த ஏலம். "அப்பா என்னை ஏலத்துக்கு இட்டுக்கினு போனாரு. வஞ்சிரம் ரொம்ப வெல. ஒரு ஆயா கத்திக்கினே இருந்துச்சு. நாங்க கானாங்கெளுத்தி வாங்குனோம்."

'மரம்' என்ற சொல்லில் தடுக்கும் பிள்ளை 'கானாங்கெளுத்தி'யை வாசித்துவிட்டான். எழுத்துக் கணக்கில் அது பெரிய மலை. அதிலும் நடுவில் 'கெ' இருக்கிறது. கண்ணுக்கு முதலில் தெரிவது கொம்பு, வாய் முதலில் சொல்ல வேண்டியது 'க்'. இந்த முன்பின் குழப்பம் தமிழ் கற்கும் எல்லாப் பிள்ளைகளுக்கும் கொஞ்சம் உண்டு, இவர்களுக்கு நிறைய. ஆனால் அந்த மீனை அவன் தொட்டிருக்கிறான், நாறியதற்கு மூக்கைப் பிடித்திருக்கிறான், சொல் அவன் வாயில் ஏற்கெனவே இருக்கிறது. எழுத்து அதைப் போய்ச் சேர்ந்தால் போதும்.

இரண்டு மாதம் கழித்து, அவன் சொன்ன வரிக்குக் கீழே அதையே புத்தகத் தமிழிலும் எழுதத் தொடங்கினேன். மேலே 'கத்திக்கினே இருந்துச்சு', கீழே 'கத்திக்கொண்டே இருந்தாள்'. இரண்டையும் பார்த்து, "ரெண்டும் ஒண்ணுதானாம்மா?" என்று கேட்டான். நான்கு வருடம் பள்ளிக்குப் போன பிள்ளைக்கு அதை யாரும் சொல்லவில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. இந்த வழிக்கு ஆகும் செலவு ஒரு நோட்டு. ஆனால் பள்ளிப் பாடம் இதில் ஓடாது. மதிப்பெண்ணை நினைத்துப் பதறுகிறவர்களுக்கு இது விளையாட்டாகத் தோன்றலாம். அந்தப் பதற்றத்தை மூன்று மாதம் தள்ளிவைக்க முடியுமா என்று பாருங்கள்.

தமிழா, ஆங்கிலமா?

மகன் படிப்பது ஆங்கில வழிப் பள்ளி. 'தமிழை விட்டுடுங்க, ஒரு மொழியாவது ஒழுங்கா வரட்டும்' என்று சிலர் சொன்னார்கள். தேர்வில் மொழி விலக்கு கிடைக்கும் என்பதால் ஒன்பது வயதிலேயே தமிழ் வாசிப்பை நிறுத்திவிடுகிற வீடுகளும் உண்டு. எனக்கு இது சரியாகப் படவில்லை. தமிழில் 247 எழுத்து என்று பயமுறுத்தினாலும், ஒரு குறிக்கு ஏறக்குறைய ஒரே ஒலி என்பதால் கற்ற எழுத்து கைவிடாது. 'க', 'ச', 'ட', 'த', 'ப' போன்ற சில மட்டும் இடத்துக்கு இடம் கொஞ்சம் மாறும் ('கடல்', 'தங்கம்', 'அகம்' மூன்றிலும் 'க' ஒலிப்பதைப் பாருங்கள்), தமிழ் பேசும் வாய் அதைத் தானே சரிசெய்துகொள்ளும். ஆங்கிலத்தில் 26 எழுத்துதான், ஆனால் 'புட்' (put) என்ற சொல்லில் ஒரு ஒலி கொடுத்த அதே உயிரெழுத்து 'பட்' (but) என்பதில் வேறு ஒலி கொடுக்கிறது. தட்டுத் தடுமாறுகிற பிள்ளை ஆங்கிலத்தில் முயற்சிக்குப் பலன் கிடைக்காமல் நொந்துபோகிறது. 'என்னாலும் வாசிக்க முடியும்' என்ற எண்ணம் தமிழில் சீக்கிரம் வருகிறது. அதனால் வீட்டில் தமிழ், ஆங்கில ஒலிகள் சிறப்பாசிரியரிடம் என்று பிரித்துக்கொண்டோம்.

எழுதுவது வேறு கதை. ல, ள, ழ மூன்றும் எங்கள் பேச்சில் ஒன்றாகக் கலந்து கிடக்கிறது. பழத்தை 'பயம்' என்று சொல்லும் தெருவில் ழகரத்தைப் பிள்ளை எங்கிருந்து எடுப்பான்? எழுத்துப்பிழையை இப்போதைக்கு விட்டுவிட்டோம், வாசிப்பு மட்டும்.

பாட்டியின் காலண்டர்

யாரும் ஆலோசனையாகச் சொல்லாத வழி இது. மாமியாருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. தினமும் காலையில் நாள்காட்டித் தாளைக் கிழித்து என்னிடம் நீட்டுவார். ராகு காலம் கிழமைக்குக் கிழமை மாறாதது, அது அவருக்கே மனப்பாடம். அவருக்கு வேண்டியது நல்ல நேரமும் வீட்டில் எல்லோருடைய ராசி பலனும். ஒரு நாள் தையல் அவசரத்தில் நான் மகனிடம் கொடுத்துவிட்டேன்.

அந்தத் தாளைக் கூர்ந்து பாருங்கள். மேஷம், ரிஷபம், மிதுனம் என்று பன்னிரண்டு பெயரும் தினமும் அதே வரிசையில் வரும். பக்கத்தில் ஒரே ஒரு சொல்: வெற்றி, வரவு, செலவு, அமைதி, பகை, நன்மை. அந்தச் சொற்களும் ஒரு சின்னக் கூட்டம்தான், இடம் மாறி மாறி வரும். பழகியதும் புதியதும் ஒரே தாளில். நான் மெனக்கெட்டுத் தயாரித்திருந்தாலும் இவ்வளவு நல்ல பாடம் வந்திருக்காது. இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. அதைவிட முக்கியம், கேட்கிறவருக்கு அது உண்மையிலேயே தேவைப்படுகிறது. பாட்டி அவனைச் சோதிப்பதில்லை, அவன் சொல்வதற்குக் காத்திருக்கிறார். தப்பாகச் சொன்னாலும் அவருக்குத் தெரியாது. 'பகை' என்று வந்தால் மட்டும் "இன்னொரு தபா நல்லா பாரு" என்பார். அவனும் இன்னொரு தபா பார்ப்பான்.

இதற்குப் பிறகு வாசிப்பு நேரத்தையே காலைக்கு மாற்றினோம். பள்ளியில் நாள் முழுக்க எழுத்தோடு மல்லுக்கட்டிவிட்டு வருகிறவனை இரவு ஏழு மணிக்கு உட்காரவைத்தது எங்கள் பழைய தவறுகளில் பெரியது. மகளுக்குப் படக்கதை வாசித்துக்காட்டுவதும் காலையிலேயே நடக்கிறது. அண்ணன் தடுக்கும் இடங்களில் அவள் படத்தைப் பார்த்துக் கதையைத் தானே சொல்லிவிடுவாள்.

உங்களுக்கு எது?

பிள்ளை ஆறு ஏழு வயது, இன்னும் மனசு அடிபடவில்லை என்றால் சிறப்பாசிரியரிடம் முதலில் போங்கள். சீக்கிரம் தொடங்குவதன் பலன் பெரியது. எட்டு முதல் பத்து வயது, புத்தகத்தைக் கண்டாலே மிரள்கிறது என்றால் எங்கள் வழிகள்தான், வரிசையை மட்டும் மாற்றி: முதலில் சொல்லி எழுதும் நோட்டு, ஒரு மாதம் கழித்துச் சேர்ந்து வாசிப்பது, மாதம் இரண்டு முறை சிறப்பாசிரியர். வீட்டில் பொறுமையான ஆளே இல்லை, இருவரும் வேலைக்குப் போகிறீர்கள் என்றால் பாட்டையும் காலண்டரையும் வையுங்கள். மீதிப் பணத்தை வாரம் ஒரு அமர்வுக்குப் போடுங்கள். பன்னிரண்டு வயதுக்கு மேல் என்றால் குட்டிப் பிள்ளைகளின் கதைப் புத்தகத்தை நீட்டாதீர்கள், மானம் போகும். தினத்தந்தியின் விளையாட்டுப் பக்கத் தலைப்புகள், மெட்ரோ நிலையப் பலகைகள், கிரிக்கெட் ஸ்கோர் போதும். என் மகனுக்கே தேரடி, காலடிப்பேட்டை, சுங்கச்சாவடி என்று வண்டி நகர்வதற்குள் வாசிப்பது ஒரு பந்தயம்.

எங்களுக்கு எல்லாம் சரியாகிவிடவில்லை. ஆங்கிலப் பாட வேளை உள்ள நாட்களில் வயிறு இன்னும் வலிக்கிறது. வகுப்பில் எழுப்பி வாசிக்கச் சொல்ல வேண்டாம் என்று புதிய ஆசிரியையிடம் எழுதிக் கொடுத்தேன். அவர் ஒப்புக்கொண்டு, முந்தின நாளே ஒரு வரியைச் சொல்லி அனுப்பி, மறுநாள் அந்த வரியை மட்டும் அவனிடம் கேட்கிறார். மூன்றாம் வகுப்பிலேயே நான் கேட்டிருக்க வேண்டியது இது.

டிசம்பர் கடைசியில் நகைக்கடையில் கொடுத்த புதுக் காலண்டரை ஆணியில் மாட்டினேன். மகன் முதல் தாளைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இதுல ராசி எழுத்து பொடிப்பொடியா இருக்கு. எனுக்கு இது வாணாம், பழைய மாதிரி பெருசு வாங்கும்மா" என்றான். பாட்டியும் அவன் பக்கம் சேர்ந்துகொண்டார். தண்டையார்பேட்டையில் மூன்று கடை ஏறி இறங்கிப் பெரிய எழுத்துக் காலண்டர் வாங்கி வந்தேன்.